ஜப்பான் அத்தான்

அத்தானை நல்ல மனிதர் என்று சொல்கிறவர்கள் ஒருவரும் அவரோடு ஒரு வீட்டில் இருந்ததில்லை. அவருடைய செத்தவீட்டில் எழுந்து பேசிய எல்லோரும், யாருடைய மனமும் நோகாமல் நடந்தவர் என்றுதான் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "குடுத்து வைச்ச சனம் நீங்கள்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கையை உதறிவிட்டு எழுந்து போயிருப்பேன். அக்கா முன்வரிசையில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் கணவர் அவர். தோர்ண்டன் ஹீத்தில் வீடு. பொதி கட்டும் இயந்திரங்கள் விற்கும் ஒரு கம்பனியில் எஞ்சினியர். எண்பதுகளில் நான் லண்டனில் வந்து இறங்கியபோது, தடித்த கோட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் காத்து நின்றவர் அவர்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை. அந்தக் கோட்டை என் தோளில் போட்டுவிட்டு அவர் சொன்ன முதல் வசனத்தையும் மறக்கப் போவதில்லை.

"இஞ்ச சத்தமாக் கதைக்கக் கூடாது பிள்ளை. அவை என்ன நினைப்பினம்?"

அந்த 'அவை' யார் என்று விளங்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. ஒருநாள் அது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி. இன்னொருநாள் பஸ் சாரதி. பிறகு அக்காவின் பிள்ளைகளுடைய வகுப்பாசிரியை. எங்களைத் தவிர்த்து உலகத்தில் இருந்த எல்லோரும் 'அவை'தான். அவர்களுக்காக அக்கா மிளகாய் பொரிக்கும்போது யன்னல்களைப் பூட்ட வேண்டும். உள்ளே இருக்கிறவர்கள் இருமி இருமிச் செத்தாலும் பரவாயில்லை, மணம் வேலி தாண்டக் கூடாது. பிள்ளைகள் பஸ்ஸில் தமிழில் கதைத்தால் தொடையில் கிள்ளு விழும். ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய தகப்பன் இடுப்பில் கட்டிய சாரத்தோடு பின்வளவில் வெயில் காயப் போக, கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து காற்சட்டை மாட்டிவிட்டார். கிழவர் அதன்பிறகு ஊருக்குத் திரும்பிப் போகும்வரை வெளியே இறங்கவில்லை.

எங்கள் பெரியம்மா இறந்தபோது நடந்ததைச் சொன்னால் ஆளைப் பிடித்துவிடலாம். பெரியம்மா தூக்கி வளர்த்த பிள்ளை அக்கா. தகனசாலையில் பெட்டி உலைக்குள் போகப்போகிறது என்று தெரிந்ததும் குழறி அழத் தொடங்கினாள். அத்தான் பின்னால் வந்து அவளுடைய தோளை அழுத்தி, "மெல்ல, மெல்ல. அடுத்த செத்தவீட்டு ஆக்கள் வெளியில நிக்கினம்" என்றார். அக்கா வந்த அழுகையை அப்படியே விழுங்கினாள். அவளுக்கு விக்கல் பிடித்தது. வீடு வந்து சேரும்வரை அந்த விக்கல் நிற்கவில்லை.

இப்படிப்பட்டவரைக் கம்பனி ஜப்பானுக்கு அனுப்பியது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. ரயிலில் ஒருவரும் சத்தம் போடுவதில்லை, வழியில் ஒருவரும் முட்டுவதில்லை, கண்டதற்கெல்லாம் குனிந்து வணங்குகிறார்கள். அத்தான் திரும்பி வந்தபோது கால் நிலத்தில் இல்லை. "மனிசரெண்டால் அவைதான்" என்றார். அதன்பிறகு இரண்டு மூன்று தரம் போய்வந்தார். ஜப்பான் மொழியும் கொஞ்சம் படித்துக்கொண்டார். கோயில் வட்டாரத்தில் அவருக்கு ஜப்பான்காரர் என்று பெயர் விழுந்தது. பட்டப்பெயர் என்று தெரியாமல் அதைப் பட்டம் என்று நினைத்து மகிழ்ந்தவர் அவர் ஒருவர்தான்.

ஒருமுறை இருக்கிற சனம் எல்லாவற்றையும் கூப்பிட்டு ஜப்பான் விருந்து வைத்தார். முன்னறைச் சோபாக்களைக் கராஜுக்குள் தள்ளிவிட்டு, கால் வெட்டிய மேசை ஒன்றைப் போட்டு, முழங்கால் தேய்ந்த கிழடுகளையெல்லாம் நிலத்தில் முழந்தாளில் இருத்தினார். வெள்ளரிக்காய் வைத்துச் சுற்றிய குளிர்ச்சோறு வந்தது. சீனி போடாத பச்சைத் தேத்தண்ணி வந்தது. மிச்சம் என்ற ஊரிலிருந்து வந்திருந்த கடைக்கார மாமா கிண்ணத்துக்குள் பார்த்துவிட்டு, "தம்பி, ரின்பால் கிடக்கே? ஒரு கரண்டி விட்டா இறங்கிப்போகும்" என்றார். அத்தானுடைய முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "அண்ணை, இது தேத்தண்ணி இல்லை. இது ஒரு பண்பாடு" என்றார். மாமா சிரித்துக்கொண்டு, "பண்பாட்டுக்கும் பால் விடலாம் தம்பி" என்றார். எல்லோரும் சிரித்தோம். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. கிழடுகளை எழுப்பிவிட நாலு பேர் தேவைப்பட்டது.

அந்தக் காலத்தில் எனக்கும் அவர்மேல் சிரிப்புத்தான் இருந்தது. கோபம் பிறகு வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்மா எங்களிடம் வந்து சேர்ந்தார். தனியாக வந்தார். என் தம்பி ரவியைக் கொழும்பில் தங்கியிருந்த அறையிலிருந்து வான் வண்டியில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. போகாத முகாம் இல்லை, கேட்காத ஆள் இல்லை. கடைசியில் அம்மா தன்னால் ஏலுமான ஒன்றைச் செய்தார். ரவி வரும்வரை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை என்று அம்மாளுக்கு, எங்கள் அம்மனுக்கு, நேர்த்தி வைத்தார்.

அது சின்ன விஷயம் இல்லை. அம்மாவுக்கு மீன் என்றால் உயிர். தலையைக் கடித்து உறிஞ்சிச் சாப்பிடுகிற மனிசி. லண்டனில் எங்களுக்கெல்லாம் மீன் சமைத்துப் பரிமாறிவிட்டுத் தான் பருப்போடும் கீரையோடும் எழும்புவார். உப்புப் பார்க்கக்கூட நாக்கில் விடமாட்டார். "நான் இதில சரியா இருந்தா அவனுக்கு அங்க ஒண்டும் நடவாது" என்பார். அது மூடநம்பிக்கை என்று சொல்லக்கூடியவர்கள் உண்டு. சொல்லட்டும். அம்மா காலையில் எழும்பி நடமாடியது அந்த நம்பிக்கையில்தான்.

அப்போது கம்பனி அத்தானை மூன்று மாதத்துக்கு ஒசாகாவுக்கு அனுப்பியது. குடும்பத்தையும் கூட்டிப் போகலாம் என்றார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் போனார். நான் கோடை லீவில் போய்ச் சேர்ந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த நாடு பிடித்துப்போனது. அம்மாவுக்கு என்னைவிடப் பிடித்தது. வாசலில் செருப்பைக் கழற்றுகிற வழக்கத்தைப் பார்த்த அன்றே, "நல்ல சனம்" என்று முடிவு கட்டிவிட்டார். மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்ற கிழவியோடு தமிழிலேயே பேரம் பேசினார். அவள் ஜப்பான் மொழியில் பதில் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு பிரிந்தார்கள். அத்தான் பத்தடி தள்ளி நின்று, எங்களைத் தெரியாதவர்போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார இறுதியில் மலைப்பக்கம் ஒரு விடுதிக்குப் போனோம். பாய் விரித்த அறை. விடுதிக்காரி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். ஒவ்வொரு தட்டையும் தானே முழந்தாளிட்டு வைத்தாள். எங்களுக்கு மீன். அம்மாவுக்கு மீன் பிடிக்காது என்று மட்டும் அத்தான் முன்பே சொல்லிவைத்திருந்ததால், அவித்த முள்ளங்கி, சோயாக் கட்டி, ஊறுகாய், ஒரு கிண்ணம் சூப். அத்தான் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். குச்சியைச் சோற்றில் குத்தி நிறுத்தக் கூடாது, அது செத்தவீட்டு வழக்கம். குச்சியால் ஆளைக் காட்டக் கூடாது. அந்த நேரத்தில் அம்மா சூப்பைத் தூக்கி, ரசம் விடுகிறமாதிரிச் சோற்றில் விட்டுக் கையால் குழைக்கத் தொடங்கினார்.

"மாமி! கை!" என்று அத்தான் சீறினார்.

விடுதிக்காரி எழுந்து போய் ஒரு கரண்டி கொண்டுவந்து அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு ஒரு குறையும் படவில்லை. அம்மா முதல் கவளத்தை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"தம்பி, இது மாசி மணக்குது."

மாசி என்பது மாலைதீவுப் பக்கத்திலிருந்து வரும், விறகுபோலக் காய்ந்த சூரை மீன். இடித்துச் சம்பலுக்குப் போடுவோம். அம்மாவுடைய மூக்கு அதில் பிழைவிடாது.

"மாசி இல்லை மாமி. கடற்பாசி. அதிலதான் இவை சூப் வைக்கிறவை. கடல் மணம் அது" என்றார் அத்தான்.

"ஒருக்கா அந்த மனிசியைக் கேட்டுப் பாருங்கோவன். எனக்கு நேர்த்தியல்லோ."

அத்தான் விடுதிக்காரியின் பக்கம் திரும்பி ஜப்பான் மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சந்தோசமாகச் சிரித்து, அம்மாவை நோக்கிக் குனிந்தாள். அத்தானும் குனிந்தார்.

"முழுக்க மரக்கறியாம் மாமி. பயப்பிடாமல் சாப்பிடுங்கோ."

அம்மா சாப்பிட்டார். சூப்பை மறுபடியும் வாங்கிக் குடித்தார். ரவி போனபிறகு அம்மா எதையும் இரண்டாம் தரம் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கியது. அத்தானை நன்றியோடு பார்த்தேன். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

லண்டனுக்குத் திரும்பிய பிறகு அம்மா அந்தச் சூப்பைப் பற்றியே கதைத்தார். அத்தான் எங்கேயோ ஒரு ஜப்பான் கடையைத் தேடிப்பிடித்து, சூப்புக்கான விழுதும் தூளும் வாங்கி வந்தார். அம்மா வெள்ளிக்கிழமை விரதம் முடித்து அதைத்தான் ரசத்துக்குப் பதிலாகக் குடித்தார். முடிய முடிய அத்தான் வாங்கிக்கொடுத்தார். "மருமகன் எண்டால் இப்பிடி இருக்கவேணும்" என்று வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் பார்த்த பெண்களிடமெல்லாம் அம்மா சொன்னார். அத்தான் அதைக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பார். அடக்கம் என்று நினைத்தோம்.

அடுத்த வருடம், கம்பனியின் லண்டன் கிளைக்கு மாற்றலாகி வந்த ஒரு ஜப்பான்காரரையும் மனைவியையும் அத்தான் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மனைவியின் பெயர் மிச்சிக்கோ. நல்ல ஆங்கிலம் கதைத்தாள். என்னுடைய வயதுதான் இருக்கும். அம்மா விடியவே எழும்பிப் பாரைமீன் குழம்பு வைத்தார். அவர்களுடைய நாட்டு ஞாபகமாகச் சூப்பும் வைத்தார். அத்தான் சூப் வேண்டாம் என்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. "வீடு தேடி வாற பிள்ளையளுக்கு அவையின்ர சாப்பாட்டில ஒண்டாவது வைக்க வேண்டாமே?" என்றார்.

சாப்பாட்டின்போது மிச்சிக்கோ என்னிடம், உங்களுடைய அம்மா ஏன் மீன் எடுக்கவில்லை என்று கேட்டாள். நான் ரவியைப் பற்றிச் சொன்னேன். நேர்த்தியைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். அம்மா கிண்ணத்தை இரண்டு கைகளாலும் தூக்கிச் சூப் குடித்துக்கொண்டிருந்தார். மிச்சிக்கோ தன்னுடைய கிண்ணத்தை எடுத்து மறுபடியும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இதில் மீன் இருக்கிறதே. காய்ந்த மீனில் எடுத்த சாறு. எங்கள் சூப் எல்லாவற்றிலும் இருக்கும்" என்றாள்.

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் தன் கோப்பையைப் பார்த்தார்.

மலை விடுதியில் கேட்டுத்தான் குடித்தோம் என்று நான் சொன்னேன். கேட்டிருக்க முடியாது என்றாள் மிச்சிக்கோ. கேட்டிருந்தால் அந்தப் பெண் உடனே வேறு சாறு வைத்திருப்பாள், கடற்பாசியிலும் காளானிலும். எங்கள் நாட்டுத் துறவிகள் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள், அது எந்தச் சமையல்காரிக்கும் தெரியும். விரதகாரிக்கு மீன் கொடுத்துவிட்டோம் என்று அறிந்தால் அவள் வெட்கத்தில் செத்துப்போவாள் என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கதிரையிலிருந்து இறங்கி, கார்ப்பெட்டில் முழந்தாளிட்டு, அம்மாவுக்கு முன்னால் நெற்றி நிலத்தில் முட்டக் குனிந்தாள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. திடுக்கிட்டுப் போனார்.

"ஏன் தம்பி இந்தப் பிள்ளை கும்பிடுது?"

அத்தான் சிரித்தார். அந்த மேசையில், அந்த நேரத்தில், அவரால் சிரிக்க முடிந்தது. "சாப்பாடு நல்லாயிருக்காம் மாமி. அவையின்ர வழக்கம் அது" என்றார்.

"பொய்!" என்று கத்தினேன். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் அதற்குமுன் எழும்பியதில்லை. எல்லாவற்றையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். நான் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேர்த்தி அம்மாவுடையது. அது முறிந்ததா இல்லையா என்று அறிகிற உரிமையும் அம்மாவுடையது.

"கத்தாதையும். ஆக்கள் இருக்கினம்" என்றார் அத்தான், குரலை உயர்த்தாமல். பிறகு தமிழில் கடகடவென்று சொல்லிக்கொண்டு போனார். "அந்த மனிசி சமைச்சுக் கொண்டுவந்து வைச்சிட்டா. அதைத் திருப்பி எடு எண்டு சொல்லுறதோ? அவை என்ன நினைப்பினம்? சூப் நல்ல வாசம் எண்டு மாமி சொல்லுறா எண்டு சொன்னனான். அவவுக்கு எவ்வளவு சந்தோசம். சாறுதானே, மீன் துண்டு ஒண்டும் இல்லையே. பிறகு மாமி ஆசைப்பட்டுக் கேக்கேக்க நான் என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது?"

அம்மா அவரைப் பார்க்கவில்லை. குனிந்து, மிச்சிக்கோவின் தலையில் கையை வைத்தார். "நீ அழாதை பிள்ளை. உனக்குத் தெரியாதுதானே" என்றார். அவளை எழுப்பிக் கதிரையில் இருத்தினார். பிறகு குசினிக்குள் போய் வாயைக் கொப்பளித்தார். கொப்பளித்துக்கொண்டே இருந்தார். நான் போய்க் குழாயைப் பூட்டினேன்.

"அப்ப நான் ரவிக்காக ஒண்டும் செய்யேல்லை" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அந்த மேசையைப் புரட்டிவிட வேண்டும்போல இருந்தது. அம்மாவுடைய சாமான்களைக் கட்டி, அன்றைக்கே மிச்சம் ஊரில் இருந்த என் ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்தேன். நாங்கள் வெளிக்கிடும்போது அத்தான் விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

மூன்று நாலு நாள் கழித்து ஒரு பின்னேரம் வந்தார். கையில் ஒரு பெட்டி அப்பிள். சப்பாத்தைக் கழற்றி, ஜப்பானில் செய்கிறமாதிரி நுனி வாசலைப் பார்க்கத் திருப்பி ஒழுங்காக வைத்தார். அம்மா கட்டிலில் இருந்தார். அத்தான் அவருக்கு முன்னால் நின்று இடுப்பை மடித்துக் குனிந்தார், படித்து வைத்த அளவுக்குச் சரியாக. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நானும் நம்பினேன்.

"மாமி, நடந்தது நடந்திட்டுது. இதைக் கோயில்ல ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. சனம் என்னைப் பற்றி என்ன நினைக்கும்?"

என்னுடைய கை அப்பிள் பெட்டிக்குப் போய்விட்டது. தூக்கி எறிந்திருப்பேன். அம்மா கண்ணால் என்னை மறித்தார்.

"கோயில் சனத்துக்கு நான் சொல்லமாட்டன் தம்பி. நீங்கள் அம்மாளுக்குச் சொல்லுங்கோ. நான் முறிக்கேல்லை, நீங்கள்தான் முறிச்சனீங்கள் எண்டு உங்கட வாயால சொல்லுங்கோ. எனக்கு அது காணும்."

"ஓம் மாமி" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். அம்மா நேர்த்தியை முதலிலிருந்து தொடங்கினார். சாகும்வரை அதைக் காத்தார். ரவி வரவில்லை.

அத்தானும் அன்றைக்கு வந்திருந்தார். வேட்டியோடு, ஆண்கள் பக்கத்தில் முன்னுக்கு நின்றார். தீபம் காட்டியபோது எல்லோரும் அம்மாளைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அம்மா மட்டும் கைகளைக் கூப்பியபடி அத்தானுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அவர் கண்ணை மூடி, நெற்றிக்கு நேரே கையைக் கூப்பி அசையாமல் நின்றார். உதடு ஒருமுறையும் திறக்கவில்லை. பார்க்கிறவர்கள் நல்ல பக்தர் என்றுதான் நினைத்திருப்பார்கள்.